தள்ளுபடி நகர்

தீப்பெட்டி ஆபீஸ்கள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடத் தொடங்கிய வருஷம், சாத்தூர் பஜாரில் ஜவுளிக்கடைக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு எதிர்க்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தே பொழுதைக் கழித்த வருஷம், வீட்டுக்கடன் கம்பெனியின் மேலிடத்தில் யாரோ ஒருவர் கையை இறுக்கிக்கொண்டார். அவர் யார், எந்த ஊர், காலையில் காபி குடிப்பாரா டீ குடிப்பாரா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் இறுக்கிய இறுக்கில் அந்த வட்டாரத்தில் பதினான்கு மாதமாக ஒரு விண்ணப்பமும் தேறவில்லை. அந்த விண்ணப்பங்களை வாங்கி அனுப்புகிற வேலையில் இருந்த வேலுத்தாய், பதினான்கு மாதமும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்து ஆறு வருஷமாகிறது, மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தாள், மேட்டுத்தெருவில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தாள். காலை ஒன்பதேகால் ஆனால் மிக்கேலின் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடுவாள். ஒன்பதேகாலுக்கு மதுரையிலிருந்து மேனேஜர் நவநீதன் போனில் கூட்டம் நடத்துவான். எட்டு ஊர்களில் எட்டுப் பேர் அவரவர் இருக்கிற இடத்தில் எழுந்து நின்று, கையைத் தட்டி, "இன்றைக்கு என்னுடைய நாள், இன்றைக்கு நான் ஜெயிப்பேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். வேலுத்தாய் ஜெராக்ஸ் மெஷினுக்கும் பேப்பர்க் கட்டுகளுக்கும் நடுவே நின்று மூன்று தடவையும் சொல்வாள். அந்த நேரம் மிக்கேல் மெஷினை நிறுத்திவிட்டு, தேவாலயத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பான்.

கடன் ஆகவில்லை என்பதை அவள் யாருக்கும் போனில் சொன்னதில்லை. நேரில் போய், வாசல்நடையில் நின்று, "ஆகலைங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் அழுதால் அழுது முடிகிற வரைக்கும், ஏசினால் ஏசி முடிகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வருவாள். முதல் இருபது வீடுகளில் அவளும் கூடவே அழுதாள். நாற்பதாவது வீட்டில் அழுகை வரவில்லை. அதற்கப்புறம், பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடையைப் போல ஒரு மரமரப்பு அவளுக்குள் எங்கோ ஆரம்பித்து, நாக்குக்கு வந்து, கழுத்துக்கு இறங்கி, நெஞ்சில் பரவி, அங்கேயே தங்கிவிட்டது. ஊறுகாய் உறைக்கவில்லை, வெயில் சுடவில்லை, மகள் போனில் குழந்தை தவழ்கிறது என்று சொன்னபோது "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். வலி இல்லாததால் இதை ஒரு நோய் என்று அவள் நினைக்கவில்லை.

சாத்தூருக்குத் தெற்கே நாலுவழிச் சாலையை ஒட்டிக் கரிசல் காட்டில் ஐஸ்வர்யம் கார்டன் என்று ஒரு மனைப்பிரிவு இருந்தது. போட்டவர் தங்கப்பழம் அண்ணாச்சி. நூற்று இருபத்தாறு மனை, வாசலில் ஒரு வளைவு, உள்ளே பூங்கா என்று பலகை மாட்டி ஒரேயொரு ஊஞ்சல். ஒன்பது மனை விற்றதோடு வியாபாரம் நின்றுபோய், வெள்ளையடித்த எல்லைக்கற்களுக்கு நடுவே சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தது. மனைக்கும் வீட்டுக்கும் சேர்த்துக் கடன் வாங்க வருகிறவர்களுக்கு வேலுத்தாய் அந்த வரைபடத்தைத்தான் காட்டுவாள். அவர்கள் விரலை வைக்கிற மனையின் எண் விண்ணப்பத்தில் ஏறும்.

சீனியம்மாள் விரல் வைத்தது பதினெட்டாம் எண்ணில். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் பெட்டி அடைத்தவள், நாலரை அடி உயரம், ஐம்பதைத் தாண்டிய வயது. அவள் கொண்டுவந்த காகிதங்களை மிக்கேல் ஒவ்வொன்றாக நகலெடுக்க நேரமானதால், சும்மா இருக்க வேண்டாமே என்று வேலுத்தாய் கேட்டாள்.

"எப்படி வீடு கட்டணும்னு இருக்கீங்க சீனியக்கா?"

விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. ஆனாலும் அவள் எல்லாரிடமும் கேட்பாள். காத்திருக்கிற நேரத்துக்கு அது ஆகும்.

"கிழக்க பாத்த வாசல்," என்றாள் சீனியம்மாள். "அடுப்பு மேடை என் உசரத்துக்கு இருக்கணும் தாயி, இப்ப இருக்க வீட்டுல பலகை போட்டு ஏறி நின்னு சமைக்கேன். அடுப்படியில ஒரு ஜன்னல். செவுத்துக்குப் பச்சை. ரொம்பப் பச்சை இல்ல, பாகற்காய் உள்பக்கம் இருக்கும்லா, அந்தப் பச்சை. மழை பெஞ்சா உக்காந்து பாக்க முன்னால ஒரு தாழ்வாரம். அவ்வளவுதான்."

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெசேஜ் வந்தது: விண்ணப்பம் தள்ளுபடி. வேலுத்தாய் போய்ச் சொன்னாள். சீனியம்மாள் அழவுமில்லை, ஏசவுமில்லை; "நீ என்ன செய்வ தாயி" என்று ஒரு செம்பு மோர் கொடுத்தாள்.

மறுநாள் ஒன்பதேகால் கூட்டம் முடிந்த கையோடு அண்ணாச்சி போன் செய்தார்.

"யம்மா வேலுத்தாய், பதினெட்டாம் நம்பர்ல வீடு கட்டினது யாரு?"

"யாரும் கட்டலையே அண்ணாச்சி. நேத்துத்தான் தள்ளுபடியாச்சு."

"அப்ப இங்க நிக்கிறது என்ன?"

அங்கே நின்றது ஒரு வீடு. கிழக்கே பார்த்த வாசல், முன்னால் தாழ்வாரம், பாகற்காயின் உள்பக்கத்துப் பச்சையில் சுவர். செங்கல் கிடந்த தடம் இல்லை, மணல் கொட்டிய அடையாளம் இல்லை, அஸ்திவாரம் தோண்டிய மண் எங்கேயும் குவிந்திருக்கவில்லை. சுற்றியிருந்த சீமைக்கருவேலம்கூட ஒரு கிளை ஒடியாமல் விலகி நின்றது. சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள், அடுப்பு மேடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், அது அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது. அப்புறம் கொல்லைப்பக்கம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"மாடிக்குப் படி இல்லையே," என்றாள்.

"நீங்க படி சொல்லலையே அக்கா," என்றாள் வேலுத்தாய்.

"ஆமா, சொல்லல," என்று ஒப்புக்கொண்டாள் சீனியம்மாள்.

அந்த வாரம் இன்னும் நான்கு தள்ளுபடி வந்தது. நான்கு வீடுகள் நின்றன. அடுத்த வாரம் ஏழு. லாரி ஓட்டுகிற ஒருவர் வீட்டுக்குக் குளியலறை இல்லை, ஏனென்றால் அவர் சொல்ல மறந்திருந்தார். பூக்கட்டுகிற ஒருத்தி வீட்டில் கூடத்தின் மூலையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது, ஏனென்றால் அவள் பேச்சுவாக்கில், அய்யா உயிரோடு இருந்தால் அந்த மூலையில் ஒரு கட்டில் போட்டுப் படுத்திருப்பார் என்று சொல்லியிருந்தாள். கட்டிலில் நடுக்கயிறு, ஆள் படுத்துத் தொய்ந்த மாதிரி தொய்ந்திருந்தது. அவள் அதைக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி அந்த மூலையிலேயே போட்டாள்.

அண்ணாச்சி முதலில் போலீஸுக்குப் போனார். ஏட்டையா வந்து சுற்றிப் பார்த்து, யார் பெயரில் புகார் எழுதுவது என்று கேட்டார். யார் பெயரும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து நாடா பிடித்து அளந்தார். எல்லா வீடும் எல்லைக்கல்லிலிருந்து விடவேண்டிய இடத்தை விட்டு, சட்டத்தில் சொன்னபடி நின்றன. அவர் நோட்டில் எதையோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார், கடைசியில் "வீடு உள்ளது" என்று மட்டும் எழுதி நோட்டை மூடிவிட்டு லாரிக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்.

பிறகு அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. மனை என்னுடையது, மனையில் நிற்கிற வீடும் என்னுடையதுதானே என்று, பதினெட்டாம் எண்ணை விலைக்குப் போட்டார். மதுரையிலிருந்து ஒரு காண்டிராக்டர் குடும்பத்தோடு வந்து பார்த்தார். ஆள் ஆறடி. அடுப்படிக்குள் நுழைந்ததும் நெற்றி நிலைச்சட்டத்தில் மோதியது. மேடை அவர் மனைவிக்குத் தொடைக்கு வந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்க அவர்கள் மண்டியிட வேண்டியிருந்தது. பத்து வீடு பார்த்தார்கள், பத்திலும் ஏதாவது ஒன்று யாரோ ஒருவருடைய உடம்புக்கும் நினைப்புக்கும் மட்டும் பொருந்தி, மற்றவர்களை இடித்தது. "அண்ணாச்சி, இதெல்லாம் ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே போனார்.

அண்ணாச்சி மூன்று நாள் யோசித்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து யோசித்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நான்காம் நாள் சீனியம்மாளைக் கூப்பிட்டு, மனைக்கு மட்டும் மாசாமாசம் முடிந்ததைக் கொடுத்துக் கழித்துக்கொள், எனக்கும் இந்த வருஷம் ஒன்றும் ஓடவில்லை என்றார். அவள் சரி என்றாள். மற்றவர்களும் சரி என்றார்கள். இப்படித்தான் அங்கே குடித்தனம் ஆரம்பித்தது. மின்சார வாரியத்தில் தற்காலிக இணைப்பு என்று கொடுத்தார்கள், தபால்காரர் வாசல் நிறத்தை வைத்துக் கடிதம் போட்டார், கோழிகள் வந்தன, கொடியில் துணிகள் வந்தன. ஐஸ்வர்யம் கார்டன் என்ற பெயர் வளைவில் மட்டும் இருந்தது. மினிபஸ் கண்டக்டர் "தள்ளுபடி நகர் இறங்கு, தள்ளுபடி நகர் இறங்கு" என்றுதான் குரல் கொடுத்தான். அதைக் கேட்டு, ஏதோ மலிவாகக் கொடுக்கிறார்கள்போல என்று தெரியாத பயணிகள் சிலர் இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள்.

வேலுத்தாய் ஒவ்வொரு வீட்டையும் போய்ப் பார்த்தாள். போகாவிட்டால் கோபித்துக்கொண்டார்கள். சுவர்களைப் பார்த்தாள், ஜன்னல்களைப் பார்த்தாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள், அவள் குரல் ஜெராக்ஸ் கடையில் மூன்று தடவை சொல்கிற குரலாகவே இருந்தது. ஒருநாள் சீனியம்மாளின் தாழ்வாரத்தில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"சீனியக்கா, எனக்குச் சந்தோஷம் வரணும்ல?"

"எதுக்கு?"

"இம்புட்டு வீடு நிக்குது. நான் எழுதிக் குடுத்த எடத்துல நிக்குது. பாத்தா எதோ போட்டோ பாக்குற மாதிரி இருக்கு."

சீனியம்மாள் கையை நீட்டினாள். பெட்டி அடைத்து அடைத்துத் தேய்ந்த விரல்நுனிகளால் டம்ளரைத் தொட்டாள்.

"வரலைன்னா இருக்கட்டும் தாயி. காபி ஆறுது, குடி."

இதற்குள் விஷயம் கோவில்பட்டி வரை, அருப்புக்கோட்டை வரை பரவிவிட்டது. மிக்கேலின் கடை வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றது. வந்தவர்கள் எல்லாரும் முன்னெச்சரிக்கையாக இருந்தார்கள். படிக்கட்டு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, செருப்பு வைக்க அலமாரி, சாமி படத்துக்கு மாடம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, மிக்கேல் நகலெடுக்கிற நேரத்தில் வேலுத்தாய் முன்னால் மூச்சுவிடாமல் வாசித்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது.

"யக்கா," என்றான் பால்துரை. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், புதுக் கல்யாணம். "என் வருமானத்தைக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க. தேறிடப் போகுது."

"இருக்கதைத்தான் போடணும்."

"பழைய பைக் கடன் மூணு தவணை கட்டலை, அதைப் பெருசா எழுதுங்க. என் பொண்டாட்டி தெனமும் கும்பிடுதா யக்கா, தள்ளுபடியாகணும்னு."

"இருக்கதைத்தான் போடுவேன் தம்பி," என்றாள் வேலுத்தாய். அவள் யாருக்கும் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. இருந்ததை எழுதினாள், அனுப்பினாள்; மேலே இருந்தவர் இறுக்கிய கையை விடவில்லை; எல்லாம் தள்ளுபடியாயிற்று. அந்தச் செய்தியையும் அவள் நேரில் போய்த்தான் சொன்னாள். இப்போது "ஆகலைங்க" என்றதும் குலவை போட்டார்கள், வாயில் சீனியைத் திணித்தார்கள், பால்துரை அவள் ஸ்கூட்டியைத் தூக்கி, அது ஏற முடியாத திண்டைத் தாண்டி விட்டுக்கொடுத்தான். ஏச்சை வாங்கியபோது எப்படி நின்றாளோ அப்படியே நின்று குலவையையும் வாங்கிக்கொண்டு வந்தாள். சீனி அவள் நாக்கில் மணல் மாதிரி கரைந்தது.

மதுரை ஆபீஸ் கணக்குப்படி, அந்த ஆண்டு தென்மாவட்டங்களிலேயே அதிக விண்ணப்பம் அனுப்பியவள் வேலுத்தாய். ஒன்று கூடத் தேறவில்லை என்பதற்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. முயற்சிச் செம்மல் என்று ஒரு விருதும், பொன்முலாம் பூசிய ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் அவளுக்கு அறிவித்தார்கள். மனம் தளராமல் நிற்பது எப்படி என்பதற்கு அவளே உதாரணம் என்று ஒன்பதேகால் கூட்டத்தில் நவநீதன் சொன்னான். எட்டு ஊர்களிலும் கை தட்டினார்கள். கோப்பையை நேரில் கொடுப்பதற்காக அவனே வந்தான். முப்பது வயதுதான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, பையில் அமிலம் அடக்குகிற மாத்திரை வைத்திருந்தான்.

கோப்பையைக் கொடுத்துவிட்டு, அவள் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்த்திக் கூட்டிப்போனாள். வளைவுக்குள் நுழைந்து, பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாக நின்ற தெருக்களில் நடந்தார்கள். ஒரு வீட்டில் அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. ஒரு வீட்டுக்காரர் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல டெவலப்மென்ட்டா இருக்கே அக்கா. யாரு இவங்கள்லாம்?"

"நீங்க தள்ளுபடி பண்ணினவங்க."

அவன் நின்றான். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தான். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஆட்கள், மேனேஜர் என்று தெரிந்து, அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், உண்மையாகவே நன்றியோடு கும்பிட்டார்கள், அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. அடிகுழாய்க்குப் போய் முகத்தைக் கழுவினான், மறுபடி மறுபடி கழுவினான்.

"நான் தள்ளுபடி பண்ணலக்கா," என்றான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "மேலேருந்து வரும், நான் பட்டனை அமுக்கி விடுவேன். காலையில கைதட்டச் சொல்றதும் மேலேருந்து வர்றதுதான். நான் சொல்லி முடிச்சிட்டு அரைமணி நேரம் பாத்ரூமைப் பூட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்குத் தூக்கம் வந்து எத்தனை மாசமாச்சு தெரியுமா?"

"எனக்கு நல்லாத் தூக்கம் வருது," என்றாள் வேலுத்தாய். "தூக்கம் மட்டுந்தான் வருது."

அவன் அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மதுரைக்குப் போனான்.

அதே மாதம்தான் மேட்டுத்தெரு வீட்டுக்காரர் தன் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்று அவளை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். அவள் இதை ஒரு தகவலாக மிக்கேலிடம் சொன்னாள். மிக்கேல் மெஷினை நிறுத்தினான்.

"ஏன் யக்கா, ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, உங்களுக்கு ஒண்ணு எழுதுனா என்ன? தள்ளுபடியாகப் போறது உறுதி. தொண்ணூத்தாறாம் நம்பர் காலியாத்தான் இருக்கு."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவனே படிவத்தை எடுத்து எழுதினான், அவளுடைய காகிதங்களை நகலெடுத்தான். எப்படி வீடு என்று கேட்டபோது அவள் நெடுநேரம் மெஷினின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு செவுரு" என்றாள். அப்புறம் "கதவு" என்றாள். மிக்கேல் காத்திருந்தான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

தள்ளுபடி நகரில் ஏற்பாடுகள் நடந்தன. வேலுத்தாய்க்கு வீடு வரப்போகிறது என்று தொண்ணூற்றாறாம் மனையில் கருவேலத்தை வெட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு வைத்தார்கள். மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு நவநீதனே போன் செய்தான். குரல் உடைந்து, சிரிப்பும் அழுகையுமாக இருந்தது.

"அக்கா! பாஸாயிடுச்சுக்கா! பதினெட்டு மாசத்துல முதல் கடன், உங்களுக்குத்தான்! ஸ்டாஃப் கோட்டால நாலு தடவை மேல போய்ச் சண்டை போட்டு வாங்கினேன்!"

மிக்கேல் கையிலிருந்த பேப்பர்க் கட்டு நழுவித் தரையெல்லாம் பரவியது.

"ரொம்ப நன்றி சார்," என்றாள் வேலுத்தாய்.

மறுநாள் விடிந்து தொண்ணூற்றாறாம் மனையில் கோலம் மட்டும் இருந்தது. அதற்கு மறுநாளும் கோலம் மட்டும் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் தள்ளுபடி நகரே மேட்டுத்தெருவுக்கு வந்தது. பெண்கள் தூக்குவாளியில் சோறும் ரசமும் கொண்டுவந்தார்கள், ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. பூக்கட்டுகிறவள் வேலுத்தாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்கா இப்படி ஆகணும்," என்றார் லாரிக்காரர்.

"பதினஞ்சு வருஷம் கட்டணுமாமே," என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பால்துரையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருப்பிக் குடுத்துரலாம்லா? வேற கம்பெனில எழுதிப் போடுவோம்," என்றான் மிக்கேல். "நல்லாக் கேவலமா எழுதுவோம் யக்கா."

"திங்கக்கிழமை கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் வேலுத்தாய். "போடுறேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் தாயி?" என்றாள் சீனியம்மாள்.

வேலுத்தாய் யோசித்தாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. நவநீதனின் குரல் காதில் இருந்தது, அவன் நாலு தடவை மேலே போனது இருந்தது. ஆனால் அது காரணம் இல்லை. இத்தனை பேருடைய விண்ணப்பங்களை அவள் அனுப்பியிருக்கிறாள், வீடு எப்படி வருகிறது என்று ஒருமுறைகூட அவள் பார்த்ததில்லை. போனால் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"தெரியலைக்கா. கையெழுத்துத்தானே," என்றாள்.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் பேசி அமர்த்தினாள். இரண்டாவது சித்தாளுக்குக் கூலி கட்டுப்படியாகாததால், காலையில் ஒன்பதேகால் வரைக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் அந்த வேலையை அவளே பார்த்தாள். தொண்ணூற்றாறாம் மனையில் சுண்ணாம்பு போட்டுக் கோடு இழுத்தபோது நாலைந்து பேர் வந்து நின்று பார்த்தார்கள். கடப்பாரையைக் கரிசலில் இறக்கியபோது நாற்பது பேர் இருந்தார்கள். தள்ளுபடி நகரில் யாரும் வீடு கட்டிப் பார்த்ததில்லை. மண் இத்தனை ஆழம் தோண்ட வேண்டும் என்றும், தோண்டிய மண்ணைக் கொட்ட ஓர் இடம் வேண்டும் என்றும், ஒரு செங்கல்லின் மேல் அடுத்த செங்கல்லை நேராக வைக்காமல் பாதி தள்ளி வைக்கிறார்கள் என்றும் அவர்களுக்குத் தெரியாது. வாய் திறந்து பார்த்தார்கள். செய்தி பரவியது. மினிபஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள், கோவில்பட்டியிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒரு வீட்டை மனுஷர் கையால் கட்டுகிறார்களாம், ஒரே நாளில் வராதாம், கொஞ்சம் கொஞ்சமாக வருமாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அண்ணாச்சி கயிறு கட்டி, கூட்டத்தைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். ஒரு சுண்டல் வண்டி வந்தது.

வேலுத்தாய் மண் சுமந்தாள், கலவை சுமந்தாள், செங்கல் நனைத்தாள். சிமெண்ட் அவள் விரல் இடுக்குகளை அரித்தது, உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை ஒன்பதேகாலுக்குப் போன் அடித்தது. தலையில் கலவைச் சட்டி இருந்ததால் எடுக்கவில்லை. சட்டியை இறக்கி வைத்தபோது கூட்டம் முடிந்திருந்தது. மறுநாளும் அப்படியே ஆனது. நவநீதன் ஒன்றும் கேட்கவில்லை.

சுவர்கள் எழும்பிப் பூச்சு தொடங்கிய அன்று கொத்தனார் சீக்கிரம் கிளம்பிவிட்டார். கிழக்குச் சுவரின் மூலையை அவர் பாதி பூசியிருந்தார். மீதியை வேலுத்தாய் பூசினாள், முதல் தடவையாகப் பூச்சுக்கரண்டி பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு முழத்தைப் பூச ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அது கோணலாகத்தான் இருந்தது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். ஓரத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது, கரண்டி முனையால் அதைத் தேய்த்து மூடினாள், மறுபடி தள்ளிவந்து பார்த்தாள்.

அப்போது கயிற்றுக்குக் கீழே குனிந்து சீனியம்மாள் உள்ளே வந்தாள். நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது மெய்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு. சுவரிடம் போனாள், புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள், உள்ளங்கையை விரித்து அந்த ஈரப்பூச்சின் மேல் கொண்டுபோனாள்.

"ஏய்! கையை எடு!"

கூட்டம் திடுக்கிட்டது. சுண்டல் வண்டிக்காரர் கரண்டியைக் கீழே போட்டார். தாழ்வாரங்களில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அந்தக் குரல் யாருடையது என்று முதலில் ஒருவருக்கும் புரியவில்லை.

"ஈரம்னு தெரியலையா உனக்கு? கண்ணு இல்லையா? ஒரு மணி நேரமா உயிரக் குடுத்துப் பூசியிருக்கேன், எவளாவது வந்து தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்!"

வேலுத்தாய் கரண்டியை ஓங்கியபடி நின்றாள். மூச்சு வாங்கியது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, உடைந்த கொப்புளத்தில் சிமெண்ட் இறங்கி எரிந்தது, ரொம்பவும் எரிந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. சீனியம்மாள் கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் முகமெல்லாம் மெதுவாகச் சிரிப்பாக விரிந்து, பல் தெரிந்து, கண் மூடிப்போய், கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்காதே!" என்று கத்தினாள் வேலுத்தாய்.